வழிவிடும் குடல்: உணவுக் கால்வாயின் அசைவு பற்றிய அறிவின் வரலாறும் ஒரு தமிழ்க் கலைச்சொல்லும்

உண்ட உணவு வாயிலிருந்து எருவாய் வரை எவ்வாறு நகர்கிறது என்னும் வினாவுக்குப் பள்ளி மாணவர் எவரும் விடை கூறுவர். குடற்சுவரின் தசைகள் உணவுக்குப் பின்னால் சுருங்குகின்றன, அச்சுருக்கம் அலைபோல் முன்னேறுகிறது, உணவு தள்ளப்படுகிறது. இவ்விடை பிழையன்று; ஆயினும் நிகழ்வின் ஒரு பாதியை மட்டுமே சொல்கிறது. உணவுக்குப் பின்னால் குடல் சுருங்கும் அதே வேளையில் உணவுக்கு முன்னால் தளர்ந்து இடங்கொடுக்கிறது. தசை களைத்து ஓய்வதால் இத்தளர்வு ஏற்படுவதில்லை. நரம்புகள் ஆணையிட்டு நிகழ்த்தும் செயல் இது. இம்மறுபாதி 1899ஆம் ஆண்டில்தான் செம்மையாக நிறுவப்பட்டது. அதற்கு முன் அது ஏன் புலப்படவில்லை, புலப்பட்ட பின்னும் மருத்துவம் அதனைப் பயன்கொள்ள ஏன் அரை நூற்றாண்டு தாழ்த்தது, தமிழில் நாம் இன்று வழங்கும் சொற்கள் இவ்விரு பாதிகளுள் எதனைத் தாங்கி நிற்கின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

உறுப்பின் அமைப்பை முதலில் சுருக்கமாக நினைவுகூர்தல் தகும். உணவுக்குழாயின் மேற்பகுதியில் உள்ளவை வரித்தசைகள். அவை மூளையின் நேரடிக் கட்டளைக்கு உட்பட்டவை. விழுங்கும் செயல் தொடங்கிய சில நொடிகளில் உணவு அப்பகுதியைக் கடந்துவிடுகிறது. அதன் கீழே இரைப்பை, ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளமான சிறுகுடல், பெருங்குடல் ஆகியவற்றின் சுவர் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசையால் ஆனது. அத்தசை பொதுவாக இரு படைகளாக அமைந்துள்ளது. உட்படையின் இழைகள் குழாயை வளையம்போல் சூழ்கின்றன. வெளிப்படையின் இழைகள் நீளவாட்டில் ஓடுகின்றன. இரு படைகளுக்கும் இடையே ஒரு நரம்புப் பின்னலும், சீதமென்சவ்வின் அடியில் மற்றொரு நரம்புப் பின்னலும் உள்ளன. கீழே கூறப்படும் வரலாறு பெரும்பாலும் இவ்விரு பின்னல்களைப் பற்றியதே.

ஆற்றல்களும் வாயுக்களும்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கலேன், உயிருள்ள உறுப்புகளுக்கு ஈர்க்கும் ஆற்றல், தாங்கும் ஆற்றல், மாற்றும் ஆற்றல், வெளியேற்றும் ஆற்றல் என நான்கு இயற்கை ஆற்றல்களை வகுத்தார். உணவூட்டிய விலங்குகளை அறுத்து நோக்கி, இரைப்பை தன்னுள் இருக்கும் உணவை எல்லாப் பக்கத்திலும் இறுகத் தழுவியிருப்பதை அவர் கண்டார். நீளவாட்டு இழைகள் ஈர்ப்பதற்கும் வளைய இழைகள் வெளியேற்றுவதற்கும் உரியன என்றும் கொண்டார. இந்த அசைவுக்கு ஐரோப்பிய மொழிகள் இன்றும் வழங்கும் 'பெரிஸ்டால்சிஸ்' என்னும் பெயர், 'சுற்றித் தழுவுதல், சூழ்ந்து இறுக்குதல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரிந்தது சுருக்கம். எனவே பெயரும் சுருக்கத்துக்கே கிடைத்தது.

சித்த மருத்துவ மரபு உடலின் தொழில்களைப் பத்து வாயுக்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. அவற்றுள் மலசலத்தைக் கீழ்நோக்கிச் செலுத்துவது அபானன் எனப்பட்டது. கலேனின் வெளியேற்றும் ஆற்றலையும் அபானனையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒப்புமை தோன்றுகிறது. இரண்டும் நிகழ்வைச் சரியாக இனங்கண்டு அதற்கொரு கருத்தாவை நியமிக்கின்றன. அக்கருத்தா எவ்வுறுப்பின் எப்பகுதியில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைச் சொல்வதில்லை. நம் ஆய்வரங்குகளில் அபானனே குடல் நரம்பு மண்டலம் என்று நிறுவ முனையும் கட்டுரைகள் அவ்வப்போது படிக்கப்படுகின்றன. அவற்றை என்னால் ஏற்க இயலவில்லை. கலேனுக்குக் கிரேக்கர் கோராத பெருமையைச் சித்தர்களுக்கு நாம் கோர வேண்டியதில்லை. வாயுக் கோட்பாடு அதன் காலத்து வினாக்களுக்கு விடையாக எழுந்தது. 1899இன் வினா அதற்கு இல்லை.

துளை வழியே கண்ட இரைப்பை

1822 ஜூன் மாதம் வட அமெரிக்காவின் மக்கினாக் தீவில், அலெக்சிஸ் சான் மார்ட்டின் என்னும் பிரெஞ்சுக் கனேடிய இளைஞன் மேல் தற்செயலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் தப்பினான், ஆனால் இரைப்பையிலிருந்து வெளியே திறந்த ஒரு துளை மூடாமல் நிலைத்துவிட்டது. படை மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அத்துளை வழியே பல ஆண்டுகள் செய்த சோதனைகளை 1833இல் நூலாக்கினார். இரைப்பை நீரின் வேதியியல் பற்றியே அந்நூல் பெரிதும் பேசப்படுவது வழக்கம். அசைவு பற்றிய அவருடைய குறிப்புகளும் அதே அளவு கவனத்துக்குரியவை. உள்ளே செலுத்திய வெப்பமானியின் தண்டு, இரைப்பையின் கடைவாயை நோக்கி இழுக்கப்பட்டும் மீண்டும் திரும்பியும் அசைவதை அவர் பதிவு செய்தார். உயிருள்ள மனிதனின் இரைப்பை அசைவு நேரே அளந்தறியப்பட்ட முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. சான் மார்ட்டின் சினமுற்ற வேளைகளில் இரைப்பையின் உட்பரப்பு மாறுவதையும் அவர் கவனித்தார். 1880இல் சான் மார்ட்டின் இறந்தபோது, உடலை மருத்துவர்கள் கைக்கொள்ளாதவாறு குடும்பத்தினர் ஆழப் புதைத்தனர் என்பதும் இவ்வறிவின் வரலாற்றில் சேர்க்க வேண்டிய செய்தியே.

நரம்பின் பக்கம் ஆய்வு திரும்பியது உருப்பெருக்கியின் வளர்ச்சியால். 1857இல் கேயோர்க் மைஸ்னர் சீதமென்சவ்வின் அடியிலுள்ள நரம்புப் பின்னலை விவரித்தார். 1862இல் பிரெஸ்லாவ் நகர மருத்துவர் லியோபோல்ட் ஆவர்பாக் இரு தசைப்படைகளுக்கும் இடையிலுள்ள பின்னலை அறிவித்தார். குடற்சுவரினுள்ளேயே நரம்புக் கலங்கள் எண்ணற்று இருப்பது இவற்றால் தெளிவாயிற்று. அவை அங்கே என்ன செய்கின்றன என்பது தெளிவாகவில்லை. குடலை அசைப்பது தசையின் இயல்பான துடிப்பா, மூளையிலிருந்தும் முண்ணாணிலிருந்தும் வரும் நரம்புகளா, சுவரிலேயே உள்ள பின்னலா என்ற விவாதம் சுமார் 40 ஆண்டுகள் நீடித்தது. ஆய்வாளர் ஒருவர் கண்ட முடிவை மற்றவர் மறுத்தனர். காரணம் எளிது: வயிற்றைத் திறந்தவுடன் குளிரும் வலியும் குடலின் இயல்பான அசைவை நிறுத்திவிடும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஆராய்ந்தது அஞ்சி நின்றுவிட்ட குடலையே.

1899

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் பேலிசும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் மைத்துனர்கள். ஸ்டார்லிங்கின் சகோதரியைப் பேலிஸ் மணந்திருந்தார். சிறுகுடலின் அசைவு பற்றி அவ்விருவரும் 1899இல் வெளியிட்ட கட்டுரை மேற்சொன்ன தடையை முறையாக நீக்கியது. மயக்க நிலையிலிருந்த நாய்களின் குடலை இளஞ்சூடான உப்புக் கரைசலில் அமிழ்த்தி வைத்தனர். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளைத் துண்டித்தனர். பிறகு குடலின் ஓரிடத்தில் சுருக்கத்தையும் தளர்வையும் பதியும் கருவியை அமைத்து, அதற்கு மேலும் கீழும் குடலைக் கிள்ளிப் பார்த்தனர்.

முடிவு வியக்கத்தக்க ஒழுங்குடன் அமைந்தது. தூண்டப்பட்ட இடத்துக்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்தது. வெளி நரம்புகள் எவையும் இல்லாதபோதும் இது மாறவில்லை. நிக்கொட்டினையோ கொக்கெயினையோ கொண்டு குடலின் உள்ளூர் நரம்புகளைச் செயலிழக்கச் செய்தபோதோ, தசையின் தாளத் துடிப்பு எஞ்சியிருக்க இந்த ஒழுங்கு மட்டும் மறைந்தது. ஆகவே துடிப்பு தசைக்குரியது. உணவைத் திசையறிந்து நகர்த்தும் தெறிவினை சுவரினுள்ளிருக்கும் பின்னலுக்குரியது. 'மேலே சுருக்கம், கீழே தளர்வு' என்னும் இந்நியதிக்கு அவர்கள் 'குடலின் விதி' எனப் பெயரிட்டனர். இதற்கு மூன்றாண்டு முன்பே அமெரிக்கரான பிராங்கிளின் மால், குடலின் ஒரு துண்டை வெட்டித் தலைகீழாகத் திருப்பித் தைத்தால் அத்துண்டு தன் பழைய திசையையே விடாது பற்றுவதைக் காட்டியிருந்தார். திசை குடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இரண்டும் சான்றாயின.

இவ்விருவரையும் 1902இல் செக்கிரிட்டின் என்னும் சுரப்பை இனங்கண்டவர்களாகவே பலரும் அறிவர். 1903இல் நாய் ஒன்றின் மீதான சோதனை தொடர்பாகப் பேலிஸ் தொடுத்த அவதூறு வழக்கு இலண்டனையே உலுக்கியது. வழக்கில் வென்ற 2000 பவுணை அவர் கல்லூரியின் ஆராய்ச்சிக்கே வழங்கினார். அந்த வழக்கில் நீதிமன்றம் எப்பக்கம் நின்றாலும், நாம் இன்று குடலைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் பெயரற்ற நாய்களின் பங்கு உண்டு.

இதே காலத்தில் ஹார்வர்ட் மருத்துவ மாணவராயிருந்த வால்ட்டர் கனன், வயிற்றைத் திறக்காமலே பார்க்கும் வழியைக் கண்டார். ரொண்ட்ஜன் கதிர்கள் அறிவிக்கப்பட்ட மறு ஆண்டாகிய 1896இன் இறுதியில், பிஸ்மத் கலந்த உணவை விலங்குகளுக்கு ஊட்டி அதன் நிழலைத் திரையில் தொடர்ந்தார். சிறுகுடலில் உணவு முன்னோக்கி ஓடுவது மட்டும் நிகழவில்லை; நின்ற இடத்திலேயே துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, மீண்டும் இணைக்கப்பட்டுப் பிசையப்படுவதும் புலனாயிற்று. பூனை மருண்டபோது இரைப்பையின் அசைவு உடனே நின்றதையும் கண்டார். உணர்ச்சிகளின் உடலியல் பற்றிய அவருடைய பிற்கால ஆய்வுகள் அங்கிருந்தே கிளைத்தன. அச்சத்தை 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று சொல்லும் மொழியினருக்கு இம்முடிவு புதுமையாகத் தோன்றியிராது. ஆனால் மூளை குடலை நிறுத்தவும் விரைவுபடுத்தவும் வல்லதே தவிர, அசைவின் ஒழுங்கைக் குடலுக்குக் கற்பிப்பது அதுவன்று. 1917இல் பவுல் டிரெண்டலன்பர்க், உடலிலிருந்து அகற்றிய கினிப்பன்றியின் சிறுகுடற் துண்டில் அழுத்தத்தை உயர்த்தி, கண்ணாடிக் கலத்திலேயே முழுமையான அசைவை எழுப்பினார். 1921இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் லாங்லி, தன்னாட்சி நரம்புத் தொகுதியின் மூன்றாவது தனிப்பிரிவாகக் குடல் நரம்புத் தொகுதியை ஏற்றார். குடற்சுவரிலுள்ள நரம்புக் கலங்கள் 10 கோடிக்கு மேற்பட்டவை என்பது இன்றைய வழக்கமான மதிப்பீடு. மூளையிலிருந்து வரும் இழைகள் அவற்றோடு ஒப்பிட மிகச் சில.

பெயரில்லாப் பாதி

சுருக்கத்தை ஏவும் வேதிப்பொருள் அசற்றைல்கோலின் என்பது விரைவில் தெளிவாயிற்று. தளர்வை ஏவுவது எது? அட்ரினலின் வகையாக இருக்கலாம் என்ற ஊகம் பொய்த்தது. 1960களில் மெல்பேர்ணில் ஜெஃப்ரி பேர்ன்ஸ்டாக், இவ்விரண்டையும் சாராத தடுப்பு நரம்புகள் குடலில் உள்ளன எனக் காட்டி, 1970இல் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறே அவற்றின் தூதுப்பொருள் என முன்மொழிந்தார். உயிரணுவின் ஆற்றல் நாணயம் தூதுவேலையும் பார்க்கும் என்பதைப் பலர் நீண்டகாலம் ஏற்கவில்லை. 1990இல் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவும் இப்பணியைச் செய்கிறது என்பது நிறுவப்பட்டது. விதி வகுக்கப்பட்டதற்கும் அதன் பின்பாதியை நிகழ்த்தும் பொருள் தெரியவந்ததற்கும் இடையே 91 ஆண்டுகள்.

தளர்வைக் கருதாமல் விட்டதன் விலையை ஒரு நோயின் வரலாறு காட்டுகிறது. கோப்பன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886இல் பெர்லின் கூட்டமொன்றில் இரு குழந்தைகளைப் பற்றி உரைத்தார். பிறந்தது முதல் மலம் வெளியேறாமல் வயிறு பொருமி, இருவரும் இறந்தனர். பிண ஆய்வில் பெருங்குடல் பேருருவாக வீங்கியிருந்தது. அதற்குக் கீழிருந்த பகுதி இயல்பாகவே தோன்றியது. வீங்கிய பகுதியே நோயுற்ற பகுதி என்று கண் கூறியது. அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் வீங்கிய பகுதியை அகற்றினர், நோய் திரும்பியது. கீழ்ப்பகுதியில் நரம்புக் கலங்கள் இல்லை என்று 1901இலும் 1920இலும் எழுதப்பட்டும் அறுவைக் கூடத்தை அது எட்டவில்லை. 1948இல் பாஸ்டனில் ஓர்வர் சுவென்சனும் அவர் துணைவரும் இயல்பாகத் தோன்றிய அந்தக் கீழ்ப்பகுதியை அகற்றிக் குழந்தைகளைப் பிழைக்க வைத்தனர். வீங்கிய குடல் நலமானது; தள்ளித் தள்ளிப் பெருத்தது. அதன் கீழே, நரம்புக் கலங்கள் கருவில் வந்து சேராத துண்டு, தளர அறியாமல் இறுகிக் கிடந்தது.

குடலின் விதியைப் படித்த ஒருவர் இதனை 1899இலேயே ஊகித்திருக்கலாம். ஊகிக்காமைக்குப் பல காரணங்கள் உண்டு. உடலியலாளரும் அறுவையாளரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காமை முதற்காரணம். ஆயினும் 'சூழ்ந்து இறுக்குதல்' என்ற பெயரும் ஒரு சிறு காரணமாக இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். தள்ளுதலையே அசைவு எனப் பயின்ற மனம், தள்ளாத இடத்தைத் தேடுமே ஒழிய, தளராத இடத்தைத் தேடாது.

தமிழில்

இவ்வரலாற்றோடு தமிழ் தொடர்புகொண்ட காலத்தை நாம் துல்லியமாகச் சுட்ட முடியும். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார்; 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், நியூயோர்க் உடலியலாளர் ஜான் டால்ற்றனின் நூலைத் தழுவிய 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. தமிழ்ச் சொல் கிடைக்குமிடத்துத் தமிழ், இல்லையேல் வடமொழி, அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பது அவர் வழி. வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என அவர் இட்ட பெயர் மூன்றாம் வழியின் சான்று.

நான் சுட்ட விரும்புவது ஆண்டுகளை. அமெரிக்க மாணவர் படித்த உடலியலையே யாழ்ப்பாணத் தமிழ் மாணவரும் 1880களில் தமிழில் படிக்க முடிந்தது. குடலின் விதி 1899இல் வந்தபோது அதனைத் தமிழில் எழுத ஆளில்லை. கிறீன் 1884இல் மறைந்துவிட்டார். தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. உடலியல் அதன் மிகச் செழித்த அரை நூற்றாண்டைக் கடந்த காலத்தில் தமிழ் மருத்துவ மாணவர் அதனை ஆங்கிலத்தில் மட்டுமே கற்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பள்ளிப் பாடநூல்களுக்காகக் கலைச்சொற்கள் மீண்டும் ஆக்கப்பட்டபோது, அவை 1899இன் கட்டுரையிலிருந்து ஆக்கப்படவில்லை. கிரேக்கப் பெயரின் சொற்பொருளிலிருந்து ஆக்கப்பட்டன.

இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'சுற்றுச்சுருக்கு' அவ்வகையில் பிறந்தது. சொல்லாக்கம் என்ற அளவில் அதில் குறை காண இயலாது: செறிவானது, ஓசை நயமுடையது, கிரேக்கத்துக்கு உண்மையானது. அந்த உண்மையே அதன் குறை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'பெரிஸ்டால்சிஸ்' என்னும் ஒலிபெயர்ப்பையும் 'அலை போன்ற இயக்கம்' என்னும் விளக்கத்தையும் கொள்கின்றன. அலை என்பதில் மேடும் பள்ளமும் அடங்கும் என்று வாதிடலாம். ஆனால் அலையின் பள்ளம் தானாக நிகழ்வது, குடலின் தளர்வு நிகழ்த்தப்படுவது.

வேரூன்றிய சொல்லை மாற்றுவது வீண் முயற்சி. 'சுற்றுச்சுருக்கு' இருக்கட்டும், அது சுருக்கத்தை மட்டும் குறிக்கட்டும். தெறிவினை முழுவதையும் விளக்குமிடத்து 'பின்சுருக்கம்', 'முன்தளர்வு' என்னும் இணையை முன்மொழிகிறேன். உணவுக்குப் பின், உணவுக்கு முன் என்ற பொருள் இவற்றில் வெளிப்படை. நாம் குடியேறிய நாடுகளின் மருத்துவமனைகளில், தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி ஒருவருக்குப் பேரக்குழந்தையின் நோயை விளக்க நேரும் மொழிபெயர்ப்பாளர், 'குடல் சுருங்கித் தள்ளவில்லை' என்று கூறினால் அவர் விளக்கெண்ணெயை நினைப்பார். 'கீழ்க்குடல் தளர்ந்து வழிவிடவில்லை' என்று கூறினால் அறுவை ஏன் என்பது அவருக்கே விளங்கும்.

உணவுக்குழாயின் கீழ்முனையிலுள்ள வளையத் தசை தளராமையால் உணவு இரைப்பைக்குள் இறங்காமல் தேங்கும் நோய்க்கு, முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இலண்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ட்ஸ் 'அகலேசியா' என்னும் கிரேக்கப் பெயரை வழக்கில் கொணர்ந்தார். அதன் நேர்ப்பொருள் 'தளராமை'. அதற்கு முன் அந்நோயைத் தசையிறுக்கம் என்றே அழைத்தனர். நலமான குடலின் தளர்வுக்கு ஒரு தனிப்பெயர் வழங்கப்படாதிருந்த காலத்தில், அத்தளர்வு தவறுவதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. 'தளராமை' என்னும் தமிழ்ச்சொல்லை அந்நோய்க்கு அப்படியே கொள்வதற்குத் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.